மலையில் பேறுகாலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மலைக் கிராமங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் வாழும் பெண்களின் பேறுகாலப் பராமரிப்பு குறித்து வந்த கேள்விகளுக்கு, மகப்பேறு மருத்துவர் ஒருவரும் மலைப்பகுதியில் பணியாற்றும் செவிலியர் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள். அனுப்பியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

எங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். மருமகளுக்கு இது மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் சுகப்பிரசவம்தான். நர்சம்மா ஒரு வாரம் முன்னாடியே வந்து தங்கச் சொல்கிறார். வலி எடுத்த பிறகு கிளம்பினால் ஆகாதா?
– ஒரு மாமியார், கொல்லிமலை

ஆகாது அம்மா. மூன்றாவது பிரசவம் என்பதாலேயே ஆகாது. தலைப்பிரசவத்தில் வலி தொடங்கிக் குழந்தை பிறக்க அரை நாளுக்கு மேலும் ஆகலாம். மூன்றாவதில் சில மணி நேரத்திலேயே பிறந்துவிடும். ஒன்றரை மணி நேர நடை, வண்டிக்குக் காத்திருப்பது, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், வழியிலேயே பிறக்கும்.

அதைவிடப் பெரிய கவலை, பிறந்த பிறகு வரும் உதிரப்போக்கு. பல முறை பெற்ற கருப்பை சில சமயம் சரியாகச் சுருங்காது. சுருங்காத கருப்பையிலிருந்து ரத்தம் கொட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். முந்தைய பிரசவங்கள் சுகமாக நடந்தன என்பது இந்த ஆபத்துக்குக் காப்பு ஆகாது. மலையில் நடக்கிற தாய் மரணங்களில் "போன தடவை ஒன்றும் ஆகலையே" என்ற நம்பிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

மலைவாழ் மக்களுக்கென்று சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கிறார்கள். குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே வந்து துணைக்கு ஒருவரோடு தங்கலாம். சாப்பாடு உண்டு. ரத்த அழுத்தம், ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன், குழந்தை குறுக்காகக் கிடப்பது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஒரு வாரம் போதாது. இரண்டு, மூன்று வாரம் முன்பே இறங்க வேண்டும். அதுவும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அல்ல. அறுவை அரங்கும் ரத்த வங்கியும் உள்ள சீமாங் மையத்துக்கு.

பெரும்பாலும் காரியம் கெடுவது தேதியில்தான். கடைசி மாதவிலக்கு எப்போது என்று நினைவில்லாமல், ஏழாம் மாதம் எடுத்த ஸ்கேனை வைத்துத் தேதி குறித்தால் இரண்டு மூன்று வாரம் முன்னே பின்னே போகும். முதல் 12 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் ஒரு வாரத்துக்கு மேல் தவறாது. தேதி தெரியாத பெண்ணிடம், சாமை அறுப்புக்கு முன்பா பின்பா, ஊர்த் திருவிழா அன்று விலக்காக இருந்தீர்களா என்று கேட்டால் சரியான நாள் கிடைத்துவிடும். செவிலியர்கள் இப்படிக் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் உங்களிடமே சொல்ல வேண்டும். மருமகள் ஒரு வாரம் கீழே தங்கினால் மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் யார் பொறுப்பு என்பதை எட்டாம் மாதமே பேசி முடிவுசெய்யுங்கள். காத்திருப்பு அறைக்கு வர மறுக்கும் பெண்களில் பலருக்குத் தடை இந்த ஏற்பாடு இல்லாததுதான், ஆஸ்பத்திரி பயம் அல்ல. ஊரில் எந்தப் பாறைமேல் நின்றால் சிக்னல் கிடைக்கும், 108 வண்டி எந்த இடம் வரை வரும், அங்கிருந்து டோலி கட்டித் தூக்க எந்த நான்கு பேர் இருப்பார்கள் என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். தூக்கும்போது இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்து கிடந்தால் கருப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தித் தாய்க்கு மயக்கம் வரும், குழந்தைக்கும் ரத்தம் குறையும்.

மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது விதி. சமவெளியில் இது 5,000, 30,000. கணக்கு தலையை வைத்துப் போட்டது. நடக்க வேண்டிய நேரத்தை வைத்துப் போட்டிருந்தால் உங்கள் ஊருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. அப்படி ஒரு நிலையம் பக்கத்தில் வரும்வரை முன்கூட்டியே இறங்குவதுதான் வழி.

நான் ஆஷா பணியாளர். எங்கள் பகுதியில் சிக்கிள் செல் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' வந்த ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவர், இரும்புச்சத்து மாத்திரையே சாப்பிடக் கூடாது என்று யாரோ சொன்னதாக நிறுத்திவிட்டார். சரியா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

அவருக்கு எந்த 'பாசிட்டிவ்' என்று தெரியாமல் சரி, தவறு சொல்ல முடியாது. குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. சிக்கிள் செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும் பரம்பரை ரத்தநோய்.

முகாமில் சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் கரைதிறன் சோதனை, சிக்கிள் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். ஒரு மரபணு மட்டும் பெற்ற 'கேரியர்' ஆனாலும், தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற நோயாளி ஆனாலும் அதில் ஒரே மாதிரிதான் தெரியும். பிரித்துச் சொல்வது எச்.பி.எல்.சி. அல்லது எலக்ட்ரோஃபொரிசிஸ் சோதனை. அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அந்த முடிவும் குழம்பும். கொடுத்தவரின் ரத்தம் கலந்திருக்கும் என்பதால் மூன்று மாதம் கழித்துத்தான் நம்ப முடியும். ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வந்தால், ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேரியர் என்றால் அவர் நோயாளி அல்ல. மற்ற கர்ப்பிணிகளைப் போலவே இரும்புச்சத்து மாத்திரை தேவை. நிறுத்தியது தவறு, உடனே தொடங்கச் சொல்லுங்கள்.

நோய் உள்ளவர் என்றால் நிலைமை வேறு. அவருடைய சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் ஹீமோகுளோபின் குறைகிறது. இரும்பு குறைந்ததால் மட்டும் அல்ல. அடிக்கடி ரத்தம் ஏற்றியவர்களுக்கு உடம்பில் இரும்பு தேங்கியும் இருக்கலாம். உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் சோதனை பார்த்து, குறைவாக இருந்தால் மட்டும் இரும்பு கொடுப்பார்கள். ஃபோலிக் அமிலம் கட்டாயம் வேண்டும், அதுவும் 5 மில்லிகிராம் தினமும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் அரை மில்லிகிராம்தான் இருக்கிறது. சிக்கிள் செல் நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கர்ப்பம் தரித்திருந்தால் அடுத்த மாதாந்திரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே நிறுத்துவதுதான் முறை. ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம் என்பதால் 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரினை மருத்துவர் எழுதித் தருவதுண்டு. அதை வலி மாத்திரை என்று நினைத்து, வலி இல்லாத நாளில் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

நீலகிரிக் குளிரில் ஒரு சங்கதி. குளிரும் நீர்ச்சத்து குறைவதும் சிக்கிள் வலியைத் தூண்டும். குளிர் காலத்தில் தாகம் எடுக்காததால் தண்ணீர் குடிக்க மறந்துபோவார்கள். வெதுவெதுப்பான நீராக, நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று லிட்டர் வரை குடிக்க வேண்டும். காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, கை கால் எலும்பு வலி இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள், அது சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது. முன்பு பல முறை ரத்தம் ஏற்றியவர் என்றால் பொருந்தும் ரத்தம் தேட நேரம் பிடிக்கும்; எட்டாம் மாதமே ரத்த வங்கிக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

கணவருக்கும் பரிசோதனை செய்யுங்கள். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. அப்படியானால் குழந்தையைப் பிறந்தவுடனே பரிசோதித்துவிட வேண்டும். இதைச் சொல்லும்போது பெண்ணின் மீது பழி விழாதபடி சொல்வது உங்கள் கையில் இருக்கிறது. மரபணு இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய்.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மாறுபாடு இருப்பதை லேமன், கட்பஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-லேயே கண்டு எழுதினார்கள். சிக்கிள் செல் ஒழிப்புக்கான தேசியத் திட்டம் தொடங்கியது 2023 ஜூலையில். இடையில் எத்தனை பேர் 'ரத்தசோகை' என்ற ஒற்றை வார்த்தையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. முடிவு அட்டையை, பேறுகால அட்டையோடு சேர்த்துத் தைத்து வைக்கச் சொல்லுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மூன்று மாதமாகச் சத்து மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் 8-லேயே நிற்கிறது. மாத்திரை தரமில்லையா?
– ஒரு வாசகி, கூடலூர்

மாத்திரையைக் குறை சொல்வதற்கு முன் அதை எதோடு சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள் சகோதரி. டீயோடு, அல்லது டீ குடித்த சூட்டோடு சாப்பிட்டால் இரும்பு உடம்பில் சேராது. டீக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையும் இதோடு சேரக் கூடாது. இரும்பை இரவு சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிடுங்கள். கால்சியத்தைக் காலை, மதியம் சாப்பாட்டோடு. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையின் நிறம்தான்.

இத்தனையும் சரியாகச் செய்தும் ஏறவில்லையா? செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு ரத்தம் உறிஞ்சும். நான்காம் மாதத்துக்குப் பிறகு கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே மாத்திரையைச் சாப்பிட்டீர்களா என்று அட்டையில் பாருங்கள். உங்கள் பகுதியில் சிக்கிள் செல் சோதனையும் அவசியம்.

8 என்பது மிதமான ரத்தசோகை. இதற்கு ஒரு நாளைக்கு ஒன்றல்ல, இரண்டு மாத்திரை. ஒரு மாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் அதே மாத்திரையைத் தொடர்வதில் பயனில்லை. ஊசி வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம். 7-க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் சேர்ந்துவிடுங்கள். ரத்தம் குறைவாக இருப்பவருக்குப் பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் ரத்தமே அதிகமாகிவிடும்.

வண்டி வருவதற்குள் வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும்? எங்கள் ஊர் மருத்துவச்சிப் பாட்டி காலமாகிவிட்டார்.
– ஒரு வாசகர், ஜவ்வாது மலை

முதலில் 108-க்குச் சொல்லிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கைகழுவுங்கள். தாயை அவருக்கு வசதியான நிலையில் இருக்க விடுங்கள். குந்தியும் இருக்கலாம், ஒருக்களித்தும் படுக்கலாம். வயிற்றை அழுத்தித் தள்ளவே கூடாது, கருப்பை கிழிந்துவிடும். வலி கூட்ட ஊசி போடுகிறேன் என்று யார் வந்தாலும் அனுமதிக்காதீர்கள்.

குழந்தை வந்ததும் காய்ந்த சுத்தமான துணியால் துடைத்து, ஈரத்துணியை எடுத்துவிட்டுத் தாயின் மார்பில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். அழவில்லை என்றால் வாயைத் துடைத்து முதுகைத் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகத் தூக்கி அடிக்காதீர்கள்.

தொப்புள் கொடியை அறுக்க அவசரமே இல்லை. புது பிளேடும் கொதிக்கவைத்த நூலும் இல்லை என்றால் அறுக்காமலே விடலாம்; நஞ்சு (குழந்தைக்குப் பின் வெளியே வரும் சதைப்பகுதி) வந்த பிறகு அதையும் குழந்தையோடு சேர்த்துத் துணியில் சுற்றி வைத்துக் காத்திருக்கலாம். இருந்தால், கொடியில் துடிப்பு நின்ற பிறகு, குழந்தையின் வயிற்றிலிருந்து இரண்டு விரல் தள்ளி ஒரு முடிச்சு, ஐந்து விரல் தள்ளி இன்னொன்று, நடுவில் அறுக்க வேண்டும். சாம்பல், சாணம், மஞ்சள், எண்ணெய் எதுவும் கொடியில் தடவக் கூடாது. அரிவாளும் மூங்கில் சிம்பும் வேண்டாம். சீம்பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். குழந்தை சப்பும்போது தாயின் கருப்பையும் சுருங்கும். குளிப்பாட்டுவது மறுநாளைக்கு.

நஞ்சு தானாக வரும். கொடியைப் பிடித்து இழுத்தால் கருப்பையே புரண்டு வெளியே வந்துவிடும். அரை மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் ஆபத்து. வந்த பிறகு தாயின் தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள், கருப்பை பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொள என்று இருந்தால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள், சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு துணி முழுக்க நனைந்தால் அது அதிக உதிரப்போக்கு.

ஆஷா பணியாளரிடமோ செவிலியரிடமோ உதிரப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை இருந்தால், குழந்தை பிறந்து, வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதியான பிறகு மூன்று மாத்திரைகளை அவர் கொடுப்பார். குழந்தை பிறப்பதற்கு முன்பு அதே மாத்திரை கருப்பையைக் கிழித்துவிடும். எனவே வீட்டில் வாங்கி வைக்கும் பொருள் அல்ல அது. எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் தாயும் சேயும் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும்.

நான் ஓர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர். எத்தனை முறை விழிப்புணர்வுக் கூட்டம் போட்டாலும் பழங்குடிப் பெண்கள் பிரசவத்துக்கு வரத் தயங்குகிறார்கள். மூடநம்பிக்கையை எப்படிப் போக்குவது?

மூடநம்பிக்கை என்று தொடங்கினால் பதில் கிடைக்காது டாக்டர். உங்கள் பிரசவ அறையை அவர்கள் கண்ணால் பாருங்கள். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைக் கட்டுகிறீர்களா? ஊரில் குந்தியோ கயிற்றைப் பிடித்து நின்றோ பெற்றவருக்கு அது அவமானமும் வேதனையும். தாய் விரும்பும் நிலையில் பெறலாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2018-ல் தந்த பரிந்துரை. ஒரு பாயும் பிடித்துக்கொள்ள ஒரு துணிக்கயிறும் போதும். ஆன்டீஸ் மலைப் பெண்களுக்காகப் பெரு நாடு 2005-லேயே இதற்கென அரசு விதிமுறை வகுத்துவிட்டது.

துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே அனுமதிக்கிறீர்களா? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை பல ஆண்டுகளாக அனுமதிக்கப்பட்ட ஒன்று. நடைமுறையில் "வெளியே நில்லுங்கள்" என்கிறார்கள். அந்த இனத்தின் மொழி பேசும் ஒருவர் வேலையில் இருக்கிறாரா? நஞ்சைப் புதைக்கும் வழக்கம் உள்ளவர்கள் கேட்டால் பாதுகாப்பாகக் கொடுக்க வழி உண்டா? கேட்காமலே காப்பர்-டி வைத்துவிடுவார்கள், கருத்தடை செய்துவிடுவார்கள் என்ற பயம் மலையில் பரவலாக இருக்கிறது. கர்ப்ப காலத்திலேயே விளக்கி, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அட்டையில் எழுதிக் கையில் கொடுங்கள். ஓர் ஊரில் ஒரு பெண்ணைத் திட்டினால் பத்து வீடு வராது.

கூடலூரில் 1990 முதல் நடக்கும் ஆதிவாசி மருத்துவமனையிலும், தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கியில் 1993-ல் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனையிலும் உள்ளூர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தார்கள். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கூட்டம் போடுவதைவிடப் பயன் தரும்.

கூடவே, பிரசவத்துக்குப் பின் கருப்பையைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்தும் ஆக்ஸிடோசின் வைத்திருக்கும் ஃப்ரிட்ஜையும் பாருங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. மலையில் மின்சாரம் போய்வந்தால் வீரியம் குறையும், போட்டாலும் ரத்தம் நிற்காது. வெப்பநிலைப் பதிவேட்டைத் தினமும் இரண்டு வேளை எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் உறவில் 17 வயதுப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளுடைய கணவனைப் போலீஸ் பிடித்துவிடும் என்று மறைத்து வைத்திருக்கிறார்கள்.
– பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டவர்

உண்மையை மறைக்காமல் சொல்கிறோம். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். ஆனால் அதற்காகச் சிகிச்சையை மறுக்கவோ தள்ளிப்போடவோ யாருக்கும் உரிமை இல்லை. வழக்கு வந்தால் இலவசச் சட்ட உதவிக்கு 15100 எண்ணில் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

அவள் கர்ப்பத்தைத் தொடர விரும்பவில்லை என்றால் 24 வாரம் வரை சட்டம் இடம் தருகிறது. காப்பாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அந்தச் சூழலில் மருத்துவர் காவல்துறைக்குத் தரும் தகவலில் பெண்ணின் அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

மறைத்து வைப்பதால் வரும் கேடு இதைவிடப் பெரிது. இந்த வயதில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவது அதிகம். தலைவலி, கண் மங்கல், முகம் வீங்குவது, மேல்வயிற்று வலி ஆகியவை முன் அறிகுறிகள். 140/90-க்கு மேல் போனதை வீட்டில் யாரும் பார்க்க முடியாது. தயவுசெய்து இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

ஆதார் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை. உதவித்தொகை கிடைக்காது என்பதால் பதிவே செய்யவில்லை.
– ஒரு வாசகி, கல்வராயன் மலை

பதிவு வேறு, பணம் வேறு. முதல் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து, கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கிவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் கேட்பார்கள். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ஸ்கேன், ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு மூன்று நாள், சிசேரியனுக்கு ஏழு நாள் சாப்பாடும் உண்டு. எத்தனையாவது குழந்தை என்று பார்க்கும் வழக்கம் இதில் இல்லை. வீடு திரும்ப 102 வண்டி.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய். 19 வயது நிறைந்த ஏழைப் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு. பணம் தவணைகளாக உங்கள் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும். கணவர் கணக்கைக் கொடுத்தால் திரும்பிவிடும். ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் பெயர் ஒரே எழுத்தில் இல்லாததால் நின்றுபோன விண்ணப்பங்கள் ஏராளம். ஆதாரை இப்போதே எடுத்து, அதைக் காட்டித் தபால் நிலையத்திலோ வங்கியிலோ கணக்குத் தொடங்குங்கள். ஒருவேளை வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் 21 நாளுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிந்தால் கட்டணம் இல்லை.